கப்பலுக்காகக் காத்திருந்த ராக்கெட்!

2013-ம் ஆண்டு அக்டோபர் மாதம். ஸ்ரீஹரிகோட்டாவில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் தயாராக நின்றது. பெங்களூரில் உருவான மங்கள்யான் விண்கலமும் லாரியில் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. 28-ந் தேதி புறப்பாடு என்று நாள் குறித்தாகிவிட்டது.

ஆனால் 28-ந் தேதி ராக்கெட் புறப்படவில்லை.

ராக்கெட்டில் கோளாறு இல்லை. விண்கலத்திலும் குறை இல்லை. பல ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால், தென் பசிபிக் கடலில், ஒரு கப்பல் நிற்கவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அதுதான் காரணம்!

செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிற ராக்கெட்டுக்கும் கடலில் மிதக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. வழக்கமாக பி.எஸ்.எல்.வி.யின் பயணம் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மங்கள்யானுக்கு 44 நிமிடம் தேவைப்பட்டது. மூன்றாவது அடுக்கு எரிந்து முடிந்த பிறகு, ராக்கெட் 25 நிமிடத்துக்கு மேல் எஞ்சின் இயங்காமலே மிதந்து செல்லும். நான்காவது அடுக்கு தீப்பிடிக்கும் இடம் பசிபிக் கடலுக்கு மேலே. அங்கே நமக்குத் தரை நிலையம் கிடையாது. எனவே ஷிப்பிங் கார்ப்பரேஷனின் 'நாளந்தா', 'யமுனா' என்ற இரண்டு கப்பல்களில் ஆண்டெனாக்களை ஏற்றி அனுப்பினார்கள். மோசமான வானிலையில் 'நாளந்தா' சிக்கித் தாமதப்பட்டது. கப்பல் வரும்வரை ராக்கெட் காத்திருக்கட்டும் என்று முடிவாயிற்று. புறப்பாடு நவம்பர் 5-ந் தேதிக்குத் தள்ளிப்போனது.

எட்டு நாள் தாமதம். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஏன் கெட்டுப்போகவில்லை என்பதுதான், ஒரு வேலையைத் தேதி போட்டுச் செய்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

முகூர்த்த நாள்

நம் வீட்டுக் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் குறித்தாயிற்று, பத்திரிகை அச்சாயிற்று. அந்தத் தேதி இனி நகராது. ஆனால் ஜவுளி எடுக்கும் நாளை நகர்த்தலாம். மளிகை வாங்கும் நாளை நகர்த்தலாம். சமையல்காரருக்கு அதே நாளில் வேறு முகூர்த்தம் இருந்தால் மட்டும் நகர்த்த முடியாது. வேறு ஆளைத்தான் தேடவேண்டும்.

செவ்வாய்ப் பயணத்துக்கும் முகூர்த்த நாள் உண்டு. அதைக் குறிப்பது ஜோசியர் அல்ல, சூரியனைச் சுற்றும் இரண்டு கிரகங்களின் ஓட்டம். ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவன், பஸ் இப்போது இருக்கும் இடத்தை நோக்கி ஓடமாட்டான். அது வரப்போகும் இடத்தை நோக்கித்தான் ஓடுவான். விண்கலமும் அப்படியே. சுமார் முந்நூறு நாளுக்குப் பிறகு செவ்வாய் எங்கே இருக்குமோ, அந்த இடத்தை நோக்கி அதை ஏவவேண்டும். குறைந்த எரிபொருளில் போய்ச் சேர இந்த வாய்ப்பு ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். 2013-ஐத் தவறவிட்டால் அடுத்தது 2016 ஜனவரி. அதையும் விட்டால் 2018 மே.

பூமியின் பிடியை விட்டு விண்கலம் கிளம்ப வேண்டிய நேரம் 2013 நவம்பர் 30 நள்ளிரவுக்குப் பின். செவ்வாயின் பிடிக்குள் நுழைய வேண்டிய நாள் 2014 செப்டம்பர் 24. இந்த இரண்டு தேதிகளும் அசையாதவை. மத்திய மந்திரி சபை இத்திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது 2012 ஆகஸ்டு 3. அதாவது கையில் இருந்தது பதினைந்து, பதினாறு மாதம்தான்!

இருப்பதை வைத்து

இவ்வளவு குறுகிய காலத்தில் எந்த ராக்கெட்டில் அனுப்புவது? அதிக எடை தூக்கக்கூடியது ஜி.எஸ்.எல்.வி. ஆனால் அது 2010-ம் ஆண்டில் இரண்டு முறை தோல்வி கண்டிருந்தது. அது சரியாகிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜி.எஸ்.எல்.வி. அடுத்தபடியாக வெற்றியோடு பறந்த நாள் 2014 ஜனவரி 5. செவ்வாய்க்குக் கிளம்பவேண்டிய நாள் கழிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். முகூர்த்தம் முடிந்தபின் சமையல்காரர் வந்த கதைதான்.

அதனால் கைவசம் இருந்த பி.எஸ்.எல்.வி.யையே எடுத்தார்கள். அதன் பலம் குறைவு. 1,337 கிலோ எடையுள்ள கலத்தை அதனால் நேராகச் செவ்வாய்ப் பாதையில் தள்ள முடியாது. பூமியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில் விடத்தான் முடியும். மீதியைக் கலம் தன் சொந்த எஞ்சினை அவ்வப்போது எரித்துத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். எனவே கலத்தின் எடையில் பாதிக்கு மேல், 850 கிலோ அளவுக்கு, எரிபொருளாகவே போயிற்று. ஆராய்ச்சிக் கருவிகள் ஐந்து. அவற்றின் மொத்த எடை சுமார் 15 கிலோ. இவ்வளவு சிறிதா என்று அப்போது குறை சொன்னவர்களும் உண்டு. தேதியும் நகராது, ராக்கெட்டும் மாறாது என்றால் குறைக்கக் கூடியது சுமை ஒன்றுதானே!

இத்திட்டத்தின் பொறுப்பில் இருந்தவர்களில் இருவர் நம்மவர்கள். நிகழ்ச்சி இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சி வட்டாரத்துக் கோதவாடியில் பிறந்தவர். திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் நெல்லைச் சீமைக்காரர்.

உபரி நாட்கள்

இப்போது கப்பலுக்கு வருவோம். ராக்கெட் ஏவுவதற்கு அக்டோபர் 28 முதல் நவம்பர் 19 வரை நாள் ஒதுக்கியிருந்தார்கள். 28 என்பது முதல் நாள், கடைசி நாள் அல்ல. இடையில் இருந்தது உபரி. திட்டக் கணக்கில் இதை 'ஃப்ளோட்' என்பார்கள். எட்டு நாளைக் கப்பல் தின்றது. அப்படியும் நவம்பர் 30 அசையவில்லை.

உபரியில் இன்னொரு நாளும் செலவாயிற்று. நவம்பர் 7-ந் தேதி முதல் கலத்தின் எஞ்சினை எரித்துப் பாதையைப் படிப்படியாக உயர்த்தி வந்தார்கள். மூன்று முறை சரியாக நடந்தது. 11-ந் தேதி நான்காவது முறை எஞ்சினுக்குப் போகும் எரிபொருள் ஓட்டம் நடுவில் நின்றுவிட்டது. ஒரு லட்சம் கிலோ மீட்டரைத் தொடவேண்டிய பாதை 78,276 கிலோ மீட்டரில் நின்றது. மறுநாள் விடிகாலையிலேயே கூடுதலாக ஒரு முறை எரித்து 1,18,642 கிலோ மீட்டருக்கு உயர்த்தினார்கள். 16-ந் தேதி கடைசிச் சுற்று. டிசம்பர் 1-ந் தேதி பின்னிரவு ஒரு மணிக்குச் சற்று முன்னதாக எஞ்சின் மீண்டும் எரிந்தது. குறித்த வேளையில் கலம் கிளம்பியது.

கப்பல் தாமதமாகும், வால்வு தகராறு செய்யும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஏதோ ஒன்று ஆகும் என்று மட்டும் எதிர்பார்த்து நாட்களை வைத்திருந்தார்கள்.

கம்ப்யூட்டர் சொல்லும் கணக்கு

இன்று கட்டிட கம்பெனியானாலும் தொழிற்சாலையானாலும் இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர்தான் போடுகிறது. பிரைமவேரா, மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் என்ற பெயர்களை ஆபீசில் வேலை பார்ப்பவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். இவற்றுக்கு அடிப்படையான முறை பழையது. அமெரிக்காவில் டூ பான்ட் கம்பெனிக்காக 1957-ல் உருவாக்கியது. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்று எழுதிவிட்டால், எந்த வரிசையில் ஒரு நாள் தவறினாலும் முழு வேலையும் தவறும் என்று அது காட்டிவிடும்.

அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஆளும் இயந்திரமும் எப்போதும் தயாராக இருப்பதாகவே அந்தக் கணக்கு நினைத்துக்கொள்ளும். பொங்கலுக்கு யார் யார் ஊருக்குப் போவார்கள் என்று அதற்குத் தெரியாது. தனியாகச் சொல்லித் தரவேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு கட்டிடத்தில் ஜனவரி 20-ந் தேதி கூரைக்குக் கான்கிரீட் போடவேண்டும். கான்கிரீட் லாரிக்கு முன்பணம் கட்டியாயிற்று, தேதி நகராது. அதற்கு முன் சென்ட்ரிங் 6 நாள், கம்பி கட்ட 4 நாள், மின்சாரக் குழாய் பதிக்க 1 நாள். கம்ப்யூட்டர் 20-லிருந்து பின்னோக்கி எண்ணும். 19-ந் தேதி குழாய். 15 முதல் 18 வரை கம்பி. 9 முதல் 14 வரை சென்ட்ரிங். ஜனவரி 9-ல் தொடங்கினால் போதும் என்று சொல்லிவிடும். கணக்கில் பிழை கிடையாது.

ஆனால் கம்பி கட்டுகிறவர்கள் தருமபுரிப் பக்கத்து ஆட்கள் என்று வைத்துக்கொள்வோம். 12-ந் தேதி ராத்திரி ஊருக்குக் கிளம்பினால் 19-ந் தேதிதான் திரும்புவார்கள். இதை அவர்கள் பெயருக்கு நேரே நாட்காட்டியில் குறித்துவிட்டால் கம்ப்யூட்டரின் பதிலே மாறிவிடும். கம்பி வேலை 9 முதல் 12-க்குள் முடியவேண்டும். சென்ட்ரிங் 3 முதல் 8-க்குள் முடியவேண்டும். ஆக, வேலை தொடங்கவேண்டிய நாள் ஜனவரி 3. ஆறு நாள் முன்னதாக!

இது 7-ந் தேதி தெரியவந்தால், உபரி நாள் 'மைனஸ் நான்கு' என்று திரையில் வரும். மைனஸ் என்றால், கழிந்துபோன தேதியில் தொடங்கியிருக்க வேண்டும் என்று அர்த்தம். இந்த நிலைமையில் மேஸ்திரியிடம் கத்துவதால் ஒரு பயனும் இல்லை. பாதிச் சென்ட்ரிங் முடிந்த இடத்திலேயே கம்பி வேலையைத் தொடங்கலாம். உள்ளூரில் இன்னொரு கோஷ்டியைப் பிடிக்கலாம். பாதிக் கூரையை மட்டும் 20-ந் தேதி போடலாம். செலவு கூடும், ஆனால் வழி உண்டு.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. மேலதிகாரி திட்ட அட்டவணை கேட்டதும், குமாஸ்தா ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தேதியைத் தானே 'டைப்' செய்து கட்டிப் போட்டுவிடுகிறார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முந்தைய வேலை பத்து நாள் தள்ளிப்போனாலும் அடுத்த வேலை கட்டிய இடத்திலேயே நிற்கும். ஆபத்து கண்ணில் படாது. லாரி வரும் நாள், அரசு கெடு, ஒப்பந்தத்தில் கையெழுத்தான நாள் போன்ற நிஜமான அசையாத் தேதிகளை மட்டும் கட்டவேண்டும். மற்றவை ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு தானாக நகரட்டும்.

அமெரிக்காவிலும்

பெரிய தேசங்களும் இதற்கு விலக்கல்ல. அதே 2013-ல் அமெரிக்காவின் 'மேவன்' கலமும் செவ்வாய்க்குத் தயாராகிக்கொண்டிருந்தது. பட்ஜெட் தகராறில் அக்டோபர் 1-ந் தேதி அமெரிக்க அரசு அலுவலகங்கள் மூடப்பட்டன. மேவன் வேலையும் நின்றது. கலம் இருக்கிறது, ராக்கெட் இருக்கிறது, வேலை செய்ய ஆளை விடவில்லை! தேதி தவறினால் 26 மாதம் போய்விடும் என்பதால் இரண்டே நாளில் விதிவிலக்குக் கொடுத்தார்கள். நவம்பர் 18-ல் அது கிளம்பியது.

'இன்சைட்' என்ற கலத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2016 மார்ச்சில் கிளம்ப வேண்டியது. நில அதிர்வு அளக்கும் பிரெஞ்சுக் கருவியில் நுண்ணிய கசிவு இருந்தது. குறித்த நாளுக்குள் அதை அடைக்க முடியவில்லை. 2018 மே 5-ந் தேதிவரை காத்திருந்து அனுப்பினார்கள். காத்திருப்புக்கு ஆன கூடுதல் செலவு 15 கோடி டாலருக்கு மேல்.

மங்கள்யான் 2014 செப்டம்பர் 24-ந் தேதி காலை செவ்வாயை அடைந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னதாக, சுமார் முந்நூறு நாள் தூங்கிக் கிடந்த பெரிய எஞ்சினை நான்கு விநாடி மட்டும் எரித்துச் சோதித்தார்கள். ஆறு மாதம் உழைத்தால் போதும் என்று அனுப்பிய கலம் 2022-ம் ஆண்டுவரை தொடர்பில் இருந்தது.

ரெயிலில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்பே தொடங்குகிறது. ஜனவரி 12-ந் தேதி ராத்திரி வண்டிக்கு டிக்கெட் எடுக்கிற கம்பி வேலைக்காரர், நவம்பர் பாதியிலேயே எடுத்து வைத்துவிடுகிறார். அவர் எந்த நாளில் வேலைக்கு இருக்கமாட்டார் என்பது அப்போதே தெரிந்த விஷயம். அவரிடம் யாராவது கேட்டுக் குறித்துக்கொண்டார்களா என்பதுதான் கேள்வி.