சொல் வளர்ந்த கதை: கோத்தவையெல்லாம் மாலை

சென்ற வாரம் ‘மணி’ என்னும் சொல்லின் பொருள்களை ஆராய்ந்தோம். மணிகளைக் கோத்தால் வருகிற ‘மாலை’ இவ்வாரத்து விஷயம். நான் இருக்கும் அண்ணனூருக்கு அடுத்துள்ள வடதிருமுல்லைவாயிலிலே, தன் யானையின் காலைச் சுற்றிக்கொண்ட முல்லைக்கொடியைத் தொண்டைமான் என்னும் மன்னன் வாளால் வெட்ட, அதனடியிலிருந்த லிங்கத்தினின்றும் உதிரம் பெருகிற்று என்று தலபுராணம் சொல்லுகிறது. அந்த வடுவுக்காகச் சந்தனக் காப்பிலே எழுந்தருளியிருக்கும் மூர்த்திக்கு மாசிலாமணீசுவரர் என்றும், அம்பிகைக்குக் கொடியிடை நாயகி என்றும் திருநாமம். இவ்வாறு கொடியும் மணியும் கூடியிருக்கும் தலத்தின் அயலிலே இருந்துகொண்டு, மலருக்கும் மணிக்கும் பொதுவான இச்சொல்லை ஆராய்வது பொருத்தமே.

இதன் பிறப்பைக் குறித்து வித்துவான்களிடையே நெடுநாளைய வழக்கொன்று உண்டு. வடமொழி ‘மாலா’ என்பதன் திரிபே இது என்பர் ஒரு சாரார். சூடுதலைக் குறிக்கும் ‘மலைதல்’ என்ற தமிழ் வினையே மூலம், வடமொழிக்கும் அது இங்கிருந்தே சென்றது என்பர் மற்றொரு சாரார். அந்திப்பொழுதாகிய மாலைக்கோ, மயக்கத்தையும் கருமையையும் உணர்த்தும் ‘மால்’ என்பதைக் காட்டுவாருண்டு.

பண்டைத் தமிழர் எல்லாவற்றையும் மாலை என்று சொல்லி அமைந்தவரல்லர். தலையிற் சூடுவது கண்ணி, ஆடவர் மார்பில் அணிவது தார், மகளிர்க்குரியது கோதை. சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று குடிக்கொரு பூ இருந்தது. நிரை கவரச் செல்வோர் வெட்சியும், வென்றோர் வாகையும் சூடினர். தேர்தலில் வென்றவர் ‘வாகை சூடினார்’ என்று பத்திரிகைகள் இன்றும் எழுதுவது அம்மரபின் எச்சமே. கோதை என்பதோ சேரர்தம் பெயராகியும், பின்னர் ஆண்டாளின் திருநாமமாகியும் நிலைத்தது.

கண்ணி இன்னும் இறந்துபடவில்லை. பூக்காரப் பெண்மணி நனைத்த வாழைநாரின்மேல் இரண்டிரண்டு மொட்டுக்களைக் காம்புகள் எதிரெதிராக அமைய வைத்து, நாரைச் சுழற்றி இறுக்குகிறாளே, அந்தப் பிணைப்பே கண்ணி. சங்கிலியின் வளையமும், பறவை பிடிக்கும் சுருக்கும் கண்ணியே. இரண்டடியாய் இயைந்த செய்யுளும் கண்ணியாதலால் தாயுமானவர் பாடியது ‘பராபரக்கண்ணி’ எனப்பட்டது.

மலரினின்று மணிக்கு வருவோம். சைவர்க்கு உருத்திராக்க மாலை, வைணவர்க்குத் துளசிமணி மாலை, கத்தோலிக்கர்க்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் தஸ்பீஹ் மணி. சமயம் வேறாயினும் ஒவ்வொரு மணியாக விரலால் நகர்த்தி ஜபத்தை எண்ணும் முறை ஒன்றே. புலவர்களோ செய்யுளையே மணியாக்கினார்கள்: வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறிமாறி 20 பாடலாக வருவது இரட்டைமணிமாலை, நால்வகைப் பா அமைப்புக்கள் முறையே 40 பாடலாக வருவது நான்மணிமாலை. காரைக்காலம்மையார் முன்னதைப் பாடினார்; பாரதியார் பின்னதை மணக்குள விநாயகருக்குச் சூட்டினார்.

ஆகவே, கோக்கப்படும் பொருளையன்றிக் கோவையின் ஒழுங்கையே மாலை என்னும் சொல் குறிக்கிறது என்பது என் துணிபு. அப்பொதுச்சொல் ஒன்றே போதுமென்று கண்ணி, தார், கோதை முதலியவற்றை நாம் நிகண்டுக்குள் அடைத்துவிடலாகாது. பூ வாங்கும்போதேனும் நேயர்கள் அவற்றைத் தம் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்களாக.

(தொடரும்)