கடலில் மௌத்தானவரை ஆவணங்களில் தேடுவது எப்படி?

'கப்பலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை' என்ற ஒரே வரியோடு சில குடும்பங்களின் வரலாறு நின்றுவிடுகிறது. எனது மூத்தவாப்பாவின் கதையும் அப்படித்தான். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பம்பாய் சென்று பிரித்தானிய வணிகக் கப்பலொன்றில் சேர்ந்தார். ஜனாஸாவும் இல்லை, கப்ரும் இல்லை. மௌத்து உறுதியாகாததால் மூத்தும்மா இத்தா இருக்கவில்லை. அவர் பெயரிலிருந்த காணியையும் முறைப்படி பங்கிட முடியவில்லை. காணாமற்போனவரின் மரணம் ஊர்ஜிதமாகும் வரை, அல்லது நீதிபதி தீர்ப்பளிக்கும் வரை, அவரது சொத்தைப் பங்கிட மார்க்கச் சட்டம் இடமளிப்பதில்லை.

கடலில் இறந்தவர் சுவடின்றி மறைந்துவிட்டார் என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் கப்பல் வேலை ஒப்பந்தத்தோடுதான் ஆரம்பமாகிறது. பெயர், வயது, பிறந்த இடம், செய்யும் வேலை, சம்பளம் என்பன அதில் எழுதப்படும். பயணத்தில் ஒருவர் இறந்தால் அதுவும் குறிக்கப்படும்.

முதலில் தேட வேண்டியது ஆளின் பெயரையல்ல, கப்பலின் பெயரை. 'முஹம்மது' என்பதை ஆங்கில எழுதுவினைஞர்கள் பல விதமாக எழுதியிருப்பார்கள். கப்பலுக்கோ உத்தியோகபூர்வ இலக்கம் ஒன்று உண்டு. பிரித்தானியப் பதிவில் இருக்கும் வரை, பெயர் மாறினாலும் உரிமையாளர் மாறினாலும் அது மாறாது.

எமது வீட்டில் எஞ்சியிருந்தது 'சிட்டி கப்பல்' என்ற சொல் மட்டுமே. எல்லர்மன் கம்பனிக் கப்பல்கள் பலவற்றின் பெயர் 'சிட்டி ஒஃப்' என்று தொடங்கும் என அறிந்த பின்னரே வழி பிறந்தது.

அடுத்த படி பொதுநலவாய யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத்தளம். அங்கு இறந்த திகதியைக் கொண்டும் இலவசமாகத் தேடலாம். கப்ரில்லாத இந்திய வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் பம்பாய், சிட்டகொங் நினைவுப் பதிவேடுகளில் உள்ளன. யுத்தத்தில் இறந்த ஏறக்குறைய 6,000 பேர் அவற்றில் இடம்பெறுகின்றனர். இந்தியத் துறைமுகங்களில் ஒப்பந்தமான எம்மவர்களையும் அங்கே தேடிப் பார்க்க வேண்டும்.

யுத்தத்திற்கு முந்தியவர்களுக்கு வேறு இடங்கள் உண்டு. 1863 முதல் 1938 வரையான மாலுமிப் பட்டியல்களில் சுமார் 70 வீதம் கனடாவின் நியூபவுண்ட்லாந்திலுள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தில் உள்ளன. 1915 ஆம் ஆண்டுப் பட்டியல்களை இணையத்திலேயே பார்க்கலாம். 1891 முதலான கடல் மரணப் பதிவேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் இருக்கின்றன.

பெயர் பொருந்திவிட்டது என்பதற்காக முடிவெடுத்துவிடக் கூடாது. வயது, தந்தை பெயர், கடிதம் நின்ற காலம் ஆகியவற்றையும் ஒப்பிட வேண்டும். 'சிட்டி' கப்பல்கள் மூழ்கிய திகதிகளை ஒவ்வொன்றாக இட்டுத் தேடியபோது, எழுத்துப் பிழையோடு மூத்தவாப்பாவின் பெயர் கிடைத்தது. தந்தையின் பெயரும் வயதும் சரியாக இருந்தன. வீட்டுக்குப் பணம் வருவது நின்றதும் அதே மாதத்தில்தான்.

அந்தத் திகதி வெறும் நினைவுத் திகதியல்ல. ஒருவர் மௌத்தாகும்போது உயிரோடிருப்பவர்களே அவரது வாரிசுகள். மூத்தவாப்பாவின் தாய் அதற்குப் பின்னரும் பல வருடங்கள் வாழ்ந்தார். பிள்ளைகள் இருந்ததால் தாய்க்கு ஆறில் ஒரு பங்கு. அது அவர் வழியாக மூத்தவாப்பாவின் சகோதரிகளுக்கும் சேர வேண்டியிருந்தது. காணியை இதுவரை அனுபவித்தவர்கள் நாங்கள். அந்தச் சகோதரிகளின் பேரப்பிள்ளைகளோடு இப்போதுதான் கணக்குப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் இப்படியொருவர் இருந்தால், மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். கப்பலின் பெயர், ஏறிய துறைமுகம், கடைசிக் கடிதம் வந்த காலம் ஆகிய மூன்றும் போதும், தேடலை ஆரம்பிக்கலாம். யாருடைய ஹக்கு எங்களிடம் தங்கியிருக்கிறது என்பதும் அதில் தெரியவரலாம்.