பழைய பெட்டி, புதிய வருத்தம்

ரேடியோ கன்ட்ரோல் பக்கி கார்களைக் கையால் பூட்டி ஓட்டும் ரசிகர்களைப் புதிய கிட்கள் ஏமாற்றுகின்றன. தரம் குறைந்தது உண்மையா, வயது கூடியதன் விளைவா?

பெட்டியின் மேல் உள்ள படம் மாறவில்லை. மண்ணை வாரி இறைத்தபடி பாயும் அதே வண்டி, அதே எழுத்துகள். மாறியிருப்பவர் பெட்டியைத் திறப்பவர்தான். 1984-ல் கடையின் கண்ணாடி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற பையனுக்கு இன்று ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. அன்று அப்பாவிடம் கெஞ்சியும் கிடைக்காத பொருளை இன்று சொந்தச் சம்பளத்தில் வாங்கியிருக்கிறார். மேஜையில் செய்தித்தாளை விரித்து, திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்காருகிறார்.

இரண்டு மணி நேரத்தில் முகம் வாடுகிறது. பிளாஸ்டிக் பாகங்களின் ஓரத்தில் தேவையற்ற சவ்வு நீட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிட்டது. ஸ்டியரிங்கைப் பூட்டிய பிறகும் முன் சக்கரங்கள் இரு பக்கமும் ஆடுகின்றன. வாயில் வரும் கேள்வி ஒன்றுதான்: “அந்தக் காலத்தில் இப்படியா இருந்தது?”

ஜப்பான், அமெரிக்கா, பிரிட்டன் என்று இந்தப் பொழுதுபோக்கு வேரூன்றிய நாடுகளில் எல்லாம் பழைய ரசிகர்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. இது வெறும் பொம்மை விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. ஒரு பொருளைத் தன் கையால் கோர்த்து, ஓட்டி, உடைத்து, மறுபடி சரிசெய்யக் கற்றுக்கொடுத்த ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிய கவலை இது.

மரக்கடையிலிருந்து மணல்மேடு வரை

இந்தக் கதையின் பெரும்பகுதி ஜப்பானின் ஷிசுவோகா நகரில் தொடங்குகிறது. 1946-ல் மரம் அறுக்கும் தொழிலில் இறங்கிய டமியா குடும்பம், பிறகு மர மாதிரிகள் செய்து, 1960-ல் பிளாஸ்டிக் மாதிரிக்கு மாறியது. 1976-ல் அதன் முதல் ரேடியோ கன்ட்ரோல் கார் வந்தது: போர்ஷே 934. தார்ச் சாலையில் மட்டும் ஓடக்கூடியது. 1979-ல் வந்த ‘சாண்ட் ஸ்கார்ச்சர்’ மணலிலும் புல்லிலும் ஓடியது. உண்மையான வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு. சஸ்பென்ஷன் பாகங்கள் வார்ப்பு உலோகம்.

அடுத்த சில ஆண்டுகள் பொற்காலம். டமியாவின் ‘ஃப்ராக்’, ‘கிராஸ்ஹாப்பர்’, ‘ஹார்னெட்’. க்யோஷோ நிறுவனத்தின் ‘ஸ்கார்ப்பியன்’, ‘ஆப்டிமா’ என்று வரிசையாக வந்தன. அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் 1984-ல் ‘ஆர்.சி.10’ பக்கியைக் கொண்டுவந்தது. தங்க நிறம் ஏற்றிய அலுமினியச் சேஸிஸ், எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர். 1985-ல் கலிஃபோர்னியாவின் டெல் மாரில் நடந்த உலகப் போட்டியில் பின்சக்கர இயக்கப் பிரிவில் அதுதான் வென்றது.

1990-களுக்குப் பிறகு ஆர்வம் சரிந்தது. வீடியோ கேம் வந்தது, பையன்கள் வளர்ந்தார்கள். ஆனால் வளர்ந்த பையன்களிடம் பணம் இருக்கிறது என்பதை நிறுவனங்கள் சீக்கிரமே கண்டுகொண்டன. 2004-ல் ஹார்னெட் மீண்டும் வந்தது. 2005-ல் கிராஸ்ஹாப்பரும் ஃப்ராக்கும், 2010-ல் சாண்ட் ஸ்கார்ச்சரும், 2013-ல் ஆர்.சி.10-ம், 2014-ல் ஸ்கார்ப்பியனும் திரும்பின. வருத்தமும் கூடவே திரும்பியது.

மோல்டு சொல்லும் கதை

புகார்களைப் பிரித்துப் பார்த்தால் முதலில் நிற்பது பிளாஸ்டிக். உருக்கிய பிளாஸ்டிக்கை அதிக அழுத்தத்தில் இரண்டு எஃகுப் பாதிகளுக்கு இடையே செலுத்தினால் பாகம் கிடைக்கிறது. இந்த எஃகு மோல்டுதான் கிட் தொழிலில் மிக விலை உயர்ந்த முதலீடு. ஆயிரக்கணக்கான முறை மூடித் திறந்தபின் இரு பாதிகளும் சேரும் விளிம்பு தேய்கிறது. அந்த இடைவெளியில் கசியும் பிளாஸ்டிக்தான் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சவ்வு. மோல்டைப் பழுதுபார்க்கலாம், புதிதாகவும் செய்யலாம். ஆனால் பல ஆயிரம் விற்கும் என்ற நம்பிக்கை இல்லாத பொருளுக்கு அந்தச் செலவு செய்ய யாருக்கும் மனம் வராது.

இரண்டாவது புகார் பேரிங். மலிவு விலைக் கிட்களில் சக்கரமும் கியரும் சுழலும் இடத்தில் பால் பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ்தான் இருக்கும். மண்ணில் ஓடும் வண்டிக்குள் நுண்ணிய மணல் புகாமல் இருக்காது. மணல் புகுந்ததும் புஷ் உரசித் தேய்கிறது, துளை முட்டை வடிவமாகிறது, கியர் பற்கள் சரியாகப் பொருந்தாமல் இரைகின்றன. விவரம் தெரிந்தவர் கிட்டை வாங்கும் அன்றே 5 மில்லிமீட்டர் உள்விட்டமும் 11 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் கொண்ட பேரிங் செட்டைத் தனியாக வாங்கிவிடுகிறார். நல்ல ஷாக் அப்சார்பர் தனி, உலோக ஷாஃப்ட் தனி. பெட்டிக்குள் வந்த பாகங்களில் ஒரு பகுதி ஓடாமலேயே டப்பாவில் தூங்குகிறது. ஒரே பாகத்துக்கு இரண்டு முறை பணம் கொடுத்த எரிச்சல்தான் ‘தரம் குறைந்துவிட்டது’ என்ற வார்த்தையாக வெளிவருகிறது.

இதன் பின்னே பணச் சந்தையின் கணக்கும் இருக்கிறது. 1985-ன் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 240 யென்னுக்கும் மேல் கிடைத்தது. 1995 ஏப்ரலில் அது 80 யென்னுக்கும் கீழே போனது. ஜப்பானில் அதே செலவில் செய்த பொருள் அமெரிக்கக் கடையில் மூன்று மடங்கு விலையாகத் தெரியும் நிலை. ஏற்றுமதியை நம்பிய தொழில்களுக்கு இரண்டே வழி: செலவைக் குறைப்பது, அல்லது உற்பத்தியை வெளியே கொண்டுபோவது. டமியாவும் 1990-களில் பிலிப்பைன்ஸில் தொழிற்சாலை தொடங்கியது. இன்று பல ரசிகர்கள் பெட்டியைத் திருப்பி ‘ஜப்பானில் தயாரானது’ என்ற வரியைத் தேடுகிறார்கள். ஆனால் இடம் மட்டும் தரத்தைத் தீர்மானிப்பதில்லை. என்ன பிளாஸ்டிக், எந்த மோல்டு, எவ்வளவு சோதனை என்பதே தீர்மானிக்கிறது.

குற்றம் முழுவதும் பெட்டியில் இல்லை

மறுபக்கமும் உண்டு. மழுங்கிய ஸ்க்ரூவையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானியக் கிட்களின் ஸ்க்ரூக்கள் அந்நாட்டின் ஜே.ஐ.எஸ். தர அளவில் வெட்டப்பட்டவை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளியின் முனை பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அந்தக் குழியில் முழுதாக உட்காராது. அழுத்தித் திருகினால் வழுக்கி மேலேறித் தலையைச் சிதைத்துவிடும். ‘ஸ்க்ரூ வெண்ணெய்போல் இருக்கிறது’ என்று சபிப்பவர்களில் பலர் மாற்ற வேண்டியது திருப்புளியை.

உடையும் நைலான் பாகத்துக்கும் ஒரு ரகசியம் உண்டு. நைலான் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி உறுதிபெறும் பொருள். மோல்டிலிருந்து வந்த கையோடு உலர்ந்திருக்கும்போது எளிதில் முறியும். அதனால்தான் அனுபவசாலிகள் புதிய சஸ்பென்ஷன் கைகளைப் பூட்டும் முன் வெந்நீரில் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். சமையலறையில் மனைவியின் முணுமுணுப்பைத் தாங்க முடிந்தால் வண்டி அதிக நாள் தாங்கும்.

மிகப் பெரிய மாற்றம் மின்சாரத்தில் நடந்திருக்கிறது. 1980-களின் வண்டி 1,200 மில்லி ஆம்பியர்-மணி நிக்கல் காட்மியம் பேட்டரியில் ஓடியது. சில நிமிடங்களில் களைத்துவிடும். இன்று 5,000 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரி சாதாரணம். அதோடு பிரஷ் இல்லாத மோட்டாரையும் சேர்த்தால், மாட்டுவண்டிக்கு லாரி எஞ்சின் பூட்டிய கதை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வடிவமைத்த கியர் பாக்ஸ் அந்த முறுக்கு விசையில் பல் இழப்பதில் ஆச்சரியம் என்ன?

நினைவும் ஏமாற்றும். பழைய வண்டிகள் குறையற்றவை அல்ல. ஹார்னெட்டின் பின்பகுதியில் மோட்டாரும் கியர் பாக்ஸும் ஒரே கட்டாக மேலும் கீழும் ஆடும் அமைப்பு. மேடுபள்ளத்தில் வண்டி துள்ளிக் குதிக்கும். மறுவெளியீட்டிலும் துள்ளுகிறது, ஏனென்றால் ரசிகர்கள் அதைத்தான் கேட்டார்கள். ஃப்ராக்கில் சீக்கிரம் தேயும் டிரைவ் ஷாஃப்ட் அமைப்பை 2005 மறுவெளியீட்டில் மாற்றினார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்த அன்று இருந்த, சூடேறிக் கருகும் தகடுகளுக்குப் பதில் இன்று மின்னணுக் கட்டுப்பாடு. சில விஷயங்களில் புதியது சந்தேகமில்லாமல் மேல். அதையும் குறையாகச் சொல்பவர்கள் உண்டு: “பழையதுபோல் இல்லையே!”

எது உண்மையான இழப்பு?

எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. பூட்டும் பழக்கமே குறைந்துவருகிறது. பெட்டியிலிருந்து எடுத்து, பேட்டரியை மாட்டி, உடனே ஓட்டும் தயார்நிலை வண்டிகள் சந்தையைப் பிடித்துவிட்டன. அமெரிக்காவின் டிராக்ஸஸ் போன்ற நிறுவனங்கள் அந்த வழியில்தான் வளர்ந்தன. அவற்றில் சில, கிட்களைவிட உறுதியானவை, வேகமும் அதிகம். ஆனால் கியர் பாக்ஸைத் தானே கோர்க்காத பையனுக்கு, அது இரையும்போது எங்கே திறந்து பார்ப்பது என்று தெரியாது.

தெரிந்து சொல்லும் கடைக்காரரும் குறைந்துவருகிறார். அமெரிக்காவில் இத்துறையின் பெரிய விநியோக நிறுவனங்களில் ஒன்றான ஹாபிகோ 2018 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. தெருமுனைக் கடையில் முன்பெல்லாம் உடைந்த பாகத்தைக் காட்டினால், கடைக்காரர் சுவரில் தொங்கும் சிறிய பாக்கெட்டை எடுத்துக் கொடுப்பார். எப்படி உடைத்தாய் என்று கேட்டு, அடுத்த முறை உடையாமல் இருக்க வழியும் சொல்வார்.

இந்தியாவில் அந்தச் சுவர் எப்போதுமே சிறியது. இங்கே இது ஒரு சிலரின் ஆசை. பொம்மைகளும் சிறு மாதிரிகளும் அடங்கும் இனத்துக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் உயர்ந்தது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பது நோக்கம். ஆனால் கிட்டை இறக்குமதி செய்யும் ரசிகருக்கு, பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் புஷ்ஷின் விலையும் சேர்ந்தே ஏறியது. விலை இவ்வளவு கூடும்போது ஓரத்துச் சவ்வும் கண்ணை உறுத்தத்தான் செய்யும்.

எனவே புதிய கிட்டை எடை போட வேண்டிய இடம் பெட்டியைத் திறக்கும் நாள் அல்ல, முதல் பாகம் உடையும் நாள். உடைந்த அந்த ஒரு கைக்கு மாற்று தனியாகக் கிடைக்கிறதா? பாக எண் வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கிறதா? ஐந்து ஆண்டு கழித்தும் கிடைக்குமா? ஆம் என்றால், சவ்வைக் கத்தியால் சீவிவிட்டு மன்னித்துவிடலாம். இல்லை என்றால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது ஒரு தவணை பொம்மைதான். மறுவெளியீடுகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு: பரணில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்த பழைய வண்டிகள் பல, இந்தப் புதிய பாகங்களால்தான் மறுபடி ஓடுகின்றன.

மேஜைக்குத் திரும்புவோம். சரியான திருப்புளி கிடைத்துவிட்டது. சவ்வைச் சீவியாயிற்று, புஷ்கள் போய் பேரிங்குகள் வந்துவிட்டன. ஐம்பது வயதுக்காரர் வாசலில் வண்டியை இறக்குகிறார். வண்டி துள்ளுகிறது, வளைவில் கவிழ்கிறது, பக்கத்து வீட்டுச் சிறுவன் ஓடிப்போய் நிமிர்த்துகிறான். “இதை நீங்களே செய்தீர்களா?” என்று கேட்கிறான்.

அந்தக் கேள்வியை எழுப்பும் வரை, குறைகள் இருந்தாலும் கிட் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.