வரம்பு கடந்த பெயர்

ஒரு வயலின் வரம்பு உடைந்தால் நீர் அந்த வயலோடு நின்றுவிடுவதில்லை. அது பள்ளம் கண்ட பக்கமாகச் சென்று அயலான் காணியிற் பாய்கின்றது. அங்கே நாற்று அழுகிய பின்னரே, எங்கோ உடைப்பு நேர்ந்தது என்பது தெரியவருகின்றது. அழுகிய நாற்றையே பார்த்துக்கொண்டிருப்பவன் உடைப்பைக் காணமாட்டான். நீர் வந்த வழியே எதிர்முகமாக நடந்து செல்பவனே அதனைக் காண்பான். கணினிச் செய்நிரல்களில் நினைவகப் பிழை எனப்படும் குற்றமும் இத்தகையதே. அதனைத் தேடும் முறையும் இத்தகையதே.

கணினியின் நினைவகம் என்பது எண்ணிடப்பட்ட சின்னஞ்சிறு அறைகளின் நீண்ட வரிசை எனலாம். அறை ஒவ்வொன்றும் ஒரு பைட்டு அளவினது. ஆங்கில எழுத்தொன்று அதில் அடங்கும். ஒரு செய்நிரல் தனக்கு வேண்டிய அளவு அறைகளைக் கேட்டுப் பெற்று, அவற்றில் எழுதியும் வாசித்தும் தன் கருமத்தை முடிக்கின்றது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1970களின் தொடக்கத்தில் டெனிஸ் றிச்சி உருவாக்கிய சீ என்னும் மொழி, வேகத்தையும் சுதந்திரத்தையும் நிரலாளருக்குத் தாராளமாக வழங்கியது. ஆனால், வரம்புக்குக் காவல் வைக்கவில்லை. நூறு அறைகளைப் பெற்ற செய்நிரல் நூற்றிருபது எழுத்துக்களை எழுத முற்பட்டால், தடுப்பார் எவருமிலர். எஞ்சிய இருபதும் அயல் அறைகளில் விழுந்து, அங்கிருந்தவற்றை அழித்துவிடும். செய்நிரலோ எதுவும் நிகழாததுபோலத் தொடர்ந்து இயங்கும். பின்னர் வேறொரு பகுதி அந்த அயல் அறைகளைத் திறந்து பார்க்கும்பொழுதே குழப்பம் விளைந்து, செய்நிரல் திடீரென நிலைகுலைந்து வீழும். வீழ்ந்த இடம் ஒன்று, தவறிய இடம் வேறொன்று.

இதற்குச் சிறந்த உதாரணமாக அமைவது, கர்ல் என்னும் கோப்புப் பரிமாற்றச் செய்நிரலில் 2023ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட பிழையாகும். சுவீடன் நாட்டவரான டானியேல் ஸ்டென்பேர்க் 1998ஆம் ஆண்டு இப்பெயருடன் வெளியிட்ட இச்செய்நிரல், இணையத்தின் ஓரிடத்திலுள்ள கோப்பை மற்றோரிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் தூதன் போன்றது. கைத்தொலைபேசி, தொலைக்காட்சிப் பெட்டி, மோட்டார் வண்டி முதலிய எத்தனையோ கருவிகளின் உள்ளே இது ஓசையின்றிப் பணிபுரிகின்றது. இரண்டாயிரம் கோடிக்கு மேற்பட்ட இடங்களில் இது நிறுவப்பட்டிருப்பதாக ஸ்டென்பேர்க் மதிப்பிட்டார். இத்துணை இடங்களிற் பரவிய ஒன்றில் உள்ள சிறு ஓட்டையும் சிறு ஓட்டையன்று.

பிழை பிறந்த இடத்தை இனி நோக்குவோம். ஒரு கணினி நேரே சென்று கோப்பைப் பெறாமல், இடையில் உள்ள மற்றொரு கணினியிடம் "இன்ன பெயருடைய இடத்துக்குச் சென்று பெற்றுத் தருக" என்று கேட்பதுண்டு. இந்த உரையாடலுக்கு 1996ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிமுறையொன்றின் பெயர் சொக்ஸ் ஐந்து என்பதாகும். அவ்விதிப்படி, இடத்தின் பெயரை அனுப்புமுன் அதன் நீளத்தை ஒரே ஒரு பைட்டில் எழுதிக் காட்டவேண்டும். ஒரு பைட்டில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 255. ஆகவே பெயரும் 255 பைட்டுகளுக்கு மேற்படலாகாது.

பெயர் அதனினும் நீண்டிருந்தால் யாது செய்வது? அதனை இடைக் கணினிக்கு அனுப்பாமல், பெயருக்குரிய முகவரியைத் தானே தேடிக்கொள்வதென்று கர்ல் ஏற்பாடு செய்திருந்தது. ஏற்பாடு இருந்தும் அது பயன்படாமற் போனது எவ்வாறு என்பதே இக்கதையின் உயிர்நிலை.

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்டென்பேர்க் இப்பகுதியைத் திருத்தி எழுதினார். முன்னர் இப்பகுதி, மறுமொழி வரும்வரை வேறு வேலை எதனையும் செய்யவிடாது காத்து நின்றது. புதிய முறையில், மறுமொழி தாமதித்தால் வேலையை இடைநிறுத்தி வெளியேறி, மறுமொழி வந்ததும் திரும்பிவந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். நோக்கம் நன்றே. ஆனால், திரும்பி வரும்போது எதனை நினைவில் வைத்திருத்தல் வேண்டும் என்பதில் ஒரு சிறு மறதி நேர்ந்தது.

ஒரு கந்தோரில் உள்ள எழுதுவினைஞர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய மேசையிற் கற்பலகை ஒன்று இருக்கின்றது. பெயர் மிக நீண்டிருப்பதைக் கண்டு, "இதனை வெளியே அனுப்பற்க, நாமே தேடுக" என்று அதில் எழுதிவைக்கின்றார். மறுமொழி தாமதிக்கவே எழுந்து செல்கின்றார். அவர் திரும்பி வந்து அமரும் ஒவ்வொரு முறையும் பலகை துடைக்கப்பட்டு, "வெளியே அனுப்புக" என்ற பழைய கட்டளையே மீண்டும் எழுதப்படுகின்றது. பெயரின் நீளத்தை அளக்கும் வேலையோ முதன்முறை மட்டுமே நடைபெறுவது. ஆகவே அவர் பலகையை நம்பி, நீண்ட பெயர் முழுவதையும் சிறிய உறையொன்றினுள் திணிக்கின்றார்.

கர்லில் நிகழ்ந்ததும் இதுவே. இந்த நூலகத்தைப் பயன்படுத்தும் செய்நிரல்களுக்கு அந்த உறையின் இயல்பான அளவு 16,384 பைட்டுகள். பெயரோ 65,535 பைட்டுகள்வரை நீளக்கூடியது. அத்தகைய பெயரைத் தீயவன் ஒருவன் தன் இணையத்தளத்தில் வைத்து, வருபவர்களை அப்பெயரை நோக்கித் திருப்பிவிட்டால், உறை நிரம்பி அயல் நினைவகம் சிதையும். செய்நிரல் வீழ்வதோடு முடியாமல், அயலான் எழுதியதையே கட்டளையாக ஏற்று நடக்கும் ஆபத்தும் உண்டு.

மறுமொழி விரைந்து வந்தால் எழுதுவினைஞர் எழுந்து செல்வதில்லை, பலகையும் துடைக்கப்படுவதில்லை. பெயர் குறுகியதாயின் எத்தனை முறை துடைத்தாலும் தீங்கில்லை. நீண்ட பெயரும் தாமதமும் ஒருங்கே கூடினால் மட்டுமே பிழை தலைகாட்டும். இதனாலேயே 1,300 நாள்களுக்கு மேலாக அது மறைந்திருந்தது. நிரலை வாசித்துக் குற்றம் காணும் கருவிகள் பலமுறை ஓடியும் அதனைக் காணவில்லை. 2023 செப்டெம்பர் மாத இறுதியிலேயே அது ஸ்டென்பேர்க்கிடம் முறைப்படி அறிவிக்கப்பட்டது.

இத்தகைய பிழைகளைப் பிடிப்பதற்குக் கூகிள் நிறுவனத்தார் உருவாக்கிய அட்ரெஸ் சனிற்றைசர் போன்ற கருவிகள் உள. அவை பெற்ற அறைத்தொகுதி ஒவ்வொன்றின் இருபுறத்தும் தடைநிலம் ஒன்றை இடுகின்றன. எழுத்து அதில் விழுந்த கணத்திலேயே செய்நிரலை நிறுத்தி, எந்த வரியில் வரம்பு கடக்கப்பட்டது என்று கூறிவிடுகின்றன. நாற்று அழுகும்வரை காத்திராது, வரம்பின்மேலேயே காவல் நிற்றல் போன்றது இது. எனினும், நீண்ட பெயரையும் தாமதத்தையும் சேர்த்துப் பரீட்சித்துப் பார்க்க எவரும் எண்ணாதவரை, காவலாளியும் காண்பதற்கு ஒன்றுமில்லை. நல்ல விடை வேண்டுமாயின் நல்ல வினா வேண்டும் என்பது வகுப்பறைக்கு மட்டும் உரிய நீதியன்று.

திருத்தம் மிக எளிதாயிருந்தது. 255 பைட்டுகளுக்கு மேற்பட்ட பெயர் வந்தால், தந்திரமாக வேறு வழி தேடாது, பிழையென்று கூறி நின்றுவிடுமாறு செய்தனர். 2023 ஒக்ரோபர் 11ஆம் நாள் திருத்திய பதிப்பு வெளிவந்தது. அன்றே ஸ்டென்பேர்க், தவறு தம்முடையதென்றும், இப்போது வாசிக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாதிருக்க முடியாதென்றும் வெளிப்படையாக எழுதினார். றஸ்ட் போன்ற, வரம்பைத் தானே காக்கும் மொழியில் எழுதியிருந்தால் இவ்வகைத் தவறு நேர்ந்திராது என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும், பழைய நிரல் முழுவதையும் ஒரே நாளில் மாற்றி எழுதுதல் இயலாத காரியம்.

பல்லாண்டு அனுபவமுடைய ஒருவரின் கையிலும் மறதி நேரலாம். மறைத்திருந்தால் அவர் பெயர் காக்கப்பட்டிருக்கலாம். பிறர் கணினிகள் காக்கப்பட்டிரா. தவறு எங்கு, எவ்வாறு நேர்ந்தது என்பதை அடிமுதல் நுனிவரை எடுத்துரைத்தமையால், அதே வகைத் தவறு தம் நிரலிலும் உண்டோவென மற்றையோர் தேடிப்பார்க்க வழி பிறந்தது. சாதாரண மக்கள் செய்யவேண்டியது ஒன்றே: திருத்திய பதிப்பு வந்துளதெனக் கருவி அறிவிக்கும்போது, பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைக்காது ஏற்றுக்கொள்ளல். உடைந்த வரம்பை எவரோ ஒருவர் கண்டு மண்வெட்டியோடு வந்து நிற்கின்றார் என்பதே அவ்வறிவித்தலின் பொருள்.