ஜவ்வாது மலைச் சாமையும் வறட்சி தாங்கும் புரதங்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், சாமையை மானாவாரிப் பயிராக வழிவழியாக விளைவித்து வருகின்றனர். இடையில் மழை பொய்த்தாலும் சாமை ஓரளவு தாங்கி நிற்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் உயிரணுவைக் காக்கும் புரதங்களின் பணியை இக்கட்டுரை விளக்குகின்றது.

முற்றிய விதை தன் நீரின் பெரும்பகுதியை இழந்தும் உயிருடன் இருக்கின்றது. பருத்தி விதையின் கருவளர்ச்சியை ஆராய்ந்த லியான் டூர் குழுவினர், கரு முதிரும் இறுதிக் கட்டத்தில் மிகுதியாக உருவாகும் புரதங்களை 1981இல் இனங்கண்டனர். இவை 'லீ' புரதங்கள் எனப்படும். இவற்றுள் பல, நீர் மிகுந்த நிலையில் நிலையான வடிவமற்றவை. நீர் குறையும்போது மடிந்து வடிவம் பெறுபவை. பிற புரதங்கள் திரண்டு செயலிழப்பதையும் உயிரணுச் சவ்வு சிதைவதையும் இவை தடுக்கின்றன.

வறட்சியின்போது பயிரில் பெருகும் அப்சிசிக் அமிலம் இலைத்துளைகளை மூடச் செய்கின்றது. இப்புரதங்களுக்குரிய மரபணுக்கள் பலவற்றை இலையிலும் வேரிலும் தூண்டுகின்றது. விதையைக் காக்கும் வழிமுறையே வளரும் பயிருக்கும் துணையாகின்றது.

எனினும், உயிர் பிழைத்தல் வேறு. மணி பிடித்தல் வேறு. எனவே புரத அளவை மட்டும் கொண்டு ஓர் இரகத்தின் வறட்சி தாங்கும் திறனை முடிவுசெய்தல் பொருந்தாது. வயல் விளைச்சலோடு ஒப்பிடல் வேண்டும். இவ்வொப்பீட்டிற்கு அடிப்படை, மலைமக்கள் காத்துவரும் நாட்டு விதைகளின் மரபணு வேறுபாடே. அவ்விதைகள் வழக்கொழியின் அவ்வேறுபாட்டை ஆய்வுக்கூடத்தில் மீட்டெடுத்தல் அரிது.