சிரிப்புத் தொடரில் நமக்காக ஒரு வாரம்



'பொம்பளைங்களுக்கு அழுகை சீரியல்தான் பிடிக்கும்' என்று நம்மைக் கேலி செய்யாத ஆண்கள் உண்டா? சிரிப்புத் தொடர்களையும் நாம்தானே விழுந்து விழுந்து ரசித்தோம்! ஆனால் அவற்றில் பாதிச் சிரிப்பு யாரை வைத்து என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? நம்மை வைத்துத்தான். வாயில் வைக்க முடியாத சாம்பார், கணக்குத் தெரியாத மனைவி, பிறந்த வீட்டுப் பெருமை, மாமியார்-மருமகள் சண்டை. சன் டி.வி.யில் வந்த 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வில் மாமியாரும் மருமகளும் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள். நானும் சிரித்தேன், என் மாமியாரும் சிரித்தார். யாரைப் பார்த்து யார் சிரித்தோம் என்பது மட்டும் இன்று வரை தெரியவில்லை!

சிரிப்புத் தொடருக்கு ஒரு சட்டம் உண்டு. வாரம் அரை மணி நேரம். முதலில் ஒரு குழப்பம், நடுவில் ரகளை, முடிவில் எல்லாம் சரியாகிப் பழையபடி உட்கார்ந்துவிட வேண்டும். அப்போதுதான் ஒரு வாரம் கரண்ட் போய்ப் பார்க்க முடியாதவர்களுக்கும் அடுத்த வாரம் கதை புரியும். அதனால் அந்த வீட்டு அம்மாவும் மாற மாட்டாள். முதல் வாரம் அசடு என்றால் நூறாவது வாரமும் அசடுதான். இந்தச் சட்டத்தை எப்போதாவது யாராவது மீறினார்களா என்று தேடினேன். எங்கள் பெரிய நாத்தனார் பம்பாயில் இருந்தவர், இந்தித் தொடர்கள் அவருக்கு அத்துப்படி. அவர் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் ஆங்கிலத் தொடர்களைப் பற்றிப் படித்தும், லேப்டாப்பில் நிறுத்தி நிறுத்திக் காட்டியும் எனக்குத் தமிழில் சொன்னாள். கேட்கக் கேட்க ஆச்சரியம்!

முதலில் நம் ஊர்க் கதை. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' 1998-ல் வந்தது. அப்போது நான் நாலாம் வகுப்பு. ராம்ஜியும் வாசுகியும் புருஷன் பெண்டாட்டி. இரண்டு பேர் பெயரும் ரமணி! ஒரே பெயர் வைத்து இருவரையும் சரிக்குச் சமமாக நிறுத்திவிட்டார்கள் பாருங்கள், அதுவே அன்று புதுசு. அடுத்த பாகத்தில் அதே பெயர், ஆனால் ஜோடி வேறு. பிருத்விராஜும் தேவதர்ஷினியும் வந்தார்கள். பிறகு 2022-ல் ஆஹா தளத்தில் பழைய ராம்ஜி, வாசுகி ஜோடியே திரும்பி வந்தது. நமக்கு நரை விழுந்த மாதிரி அவர்களுக்கும் வயசாகி இருந்தது. சிரிப்புத் தொடரில் வயசாக விடுவதே பெரிய விஷயம் அல்லவா?

இந்தியில் 1984-ல் தூர்தர்ஷனில் வந்தது 'ஏ ஜோ ஹை ஜிந்தகி'. அதில் சதீஷ் ஷா வாரத்துக்கு ஒரு வேஷத்தில் வருவாராம். போன வாரம் பார்த்த ஆள் இந்த வாரம் முற்றிலும் வேறு ஆள். 'இந்த வாரம் யாராக வரப் போகிறார்?' என்று பந்தயமே கட்டுவோம் என்கிறார் நாத்தனார். அருமையான சோதனைதான். ஆனால் தோழிகளே, வீட்டு அம்மா ரேணு மட்டும் வாரா வாரம் அதே ரேணு. நமக்கு ஏது வேஷம் மாற்ற நேரம்!

அமெரிக்காவில் 'ஐ லவ் லூசி' என்று ஒரு தொடர் 1951-ல் தொடங்கியது. நாயகி லூசில் பால் நிஜத்திலும் கர்ப்பமானார். அந்தக் காலத்தில் டி.வி.யில் கர்ப்பம் என்ற வார்த்தையைச் சொல்லவே விடமாட்டார்களாம். நம் பாட்டிகள் 'முழுகாமல் இருக்கா' என்று பூசி மெழுகுவார்களே, அதுபோல வேறு ஒரு வார்த்தையைப் போட்டுப் பேசினார்கள். எந்த மதத்தார் மனமும் புண்படக் கூடாது என்று பாதிரியாரிடமும் யூத குருவிடமும் கதையைக் காட்டி வாங்கினார்களாம். தொடரில் லூசிக்குக் குழந்தை பிறந்த வாரம் 1953 ஜனவரி 19. அதே நாளில் நிஜ லூசிக்கும் பிள்ளை பிறந்தது! சுமார் நாலு கோடியே நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஜனாதிபதி ஐசனோவர் பதவியேற்றதைப் பார்த்தவர்கள்கூட அத்தனை பேர் இல்லை. மறைத்துப் பேச வேண்டிய விஷயம் என்று மற்றவர்கள் நினைத்த பிரசவத்தை ஒரு நாடே உட்கார்ந்து பார்த்திருக்கிறது.

'பிவிட்ச்ட்' என்ற தொடரில் மனைவி மந்திரக்காரி. 1970 டிசம்பர் 24-ல் வந்த வாரத்தின் கதையை உருவாக்கியது லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு பத்தாம் வகுப்பில் படித்த 26 கறுப்பினப் பிள்ளைகள். ஒரு வெள்ளைக் குழந்தையும் ஒரு கறுப்புக் குழந்தையும் அக்கா தங்கையாக இருக்க ஆசைப்படுகிற கதை. பத்தாவது படிக்கும் பிள்ளைகள் சொன்னதைப் பெரியவர்கள் காது கொடுத்துக் கேட்டார்களே! பத்தாவதோடு நின்ற எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

'மாட்' என்ற தொடரில் 1975-ல் ஒரு வாரம் புருஷனும் இல்லை, மகளும் இல்லை, பக்கத்து வீட்டாரும் இல்லை. நாயகி பீ ஆர்தர் மட்டும் மனநல டாக்டரிடம் அரை மணி நேரமும் தனியாகப் பேசுகிறார். அடேயப்பா! நடுவில் யாரும் 'காபி எங்கே?' என்று கேட்காமல் ஒரு பெண் அரை மணி நேரம் பேச முடிந்ததே, அதுதான் பெரிய புதுமை.

என் மனசைப் பிசைந்தது 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடரின் ஈடித். புருஷன் ஆர்ச்சி வாய்க்கு வாய் அவளை மக்கு என்பான். பார்க்கிறவர்களும் சிரிப்பார்கள். 1977-ல் அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாள் வாரம். போலீஸ்காரன் என்று சொல்லி ஒருவன் வீட்டுக்குள் நுழைந்து அவளிடம் முறைகேடாக நடக்கப் பார்க்கிறான். அடுப்பில் கருகிக் கொண்டிருந்த கேக்கை எடுத்து அவன் முகத்தில் அப்பிவிட்டு ஓடித் தப்பிக்கிறாள் ஈடித். அந்த மக்கு! பிறகு பயந்து முடங்கியவள், மகளின் வற்புறுத்தலால் போலீஸுக்குப் போகிறாள். சிரிக்க உட்கார்ந்தவர்கள் அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பார்கள்.

1980-ல் அதன் தொடர்ச்சியில் ஈடித் இறந்துவிட்டதாகக் கதை. ஆர்ச்சி அழாமல் விறைப்பாகவே நடமாடுகிறான். ஒருநாள் அவளுடைய ஒற்றைச் செருப்பு கையில் கிடைக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு உடைந்து போகிறான். பார்த்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இப்படி ஒரு வாரம் எடுத்தால் எப்படி இருக்கும்? மேட்டூர் திறந்தாச்சா, தண்ணீர் கடைமடைக்கு வருமா, குறுவை தேறுமா, தாளடி போடலாமா என்று வீட்டு ஆண்கள் திண்ணையில் பேசுவார்கள். உள்ளே இருப்பவளுக்கும் அதே கவலைதான். களத்தில் நெல்லைக் கொட்டிய அன்று வானம் கறுத்தால் தார்பாயோடு முதலில் ஓடுவது யார்? விளைச்சல் பொய்த்த வருஷம் தன் வளையலை முதலில் கழற்றித் தருவது யார்? ஆனாலும் ஏதாவது வாய் திறந்தால் 'உனக்கு ஒண்ணும் தெரியாது, உள்ளே போ' என்பதுதான் வழக்கமான வசனம். அந்த வசனத்துக்கு நம் வீட்டில் பிள்ளைகள்கூடச் சிரிக்கப் பழகிவிட்டார்கள். சிரிப்போடு சேர்த்து மரியாதைக் குறைவையும் படித்துக்கொள்கிறார்களே என்பதுதான் என் பயம்.

தொடர் எடுக்கிறவர்களே! சிரிக்க வைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. நம் வீட்டுக் கூத்துக்கு நாமே சிரிக்காவிட்டால் எப்படி? வருஷத்தில் ஒரே ஒரு வாரம் சட்டத்தை மீறுங்கள். அந்த அம்மாவை நடுக்கூடத்தில் உட்கார வைத்து, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அரை மணி நேரம் பேச விடுங்கள். சிரிப்பும் வரும், வேறு சிலதும் வரும்.

அதுவரை, தோழிகளே, நம் வீட்டில் நாமே ஒரு சின்ன சோதனை செய்யலாம். 'அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது' என்று யாராவது சொல்லிச் சிரிக்கும்போது கூடச் சேர்ந்து சிரிக்காமல், 'என்ன தெரியாது, சொல்லு' என்று உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். என்ன நடந்தது என்று இந்தப் பகுதிக்கு மறக்காமல் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி, தஞ்சை மாவட்டம்.