வாத்துகளைக் காண எங்கே தங்குவோம்?

ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் விலங்குக் கூட்டம் நகர நகர, அதைக் காண வந்தோரின் கூடாரங்களும் இடம் பெயர்வதுண்டு. தோழியரே, நம் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு அந்தத் தொல்லை இல்லை. இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகளே நம்மைத் தேடி வருகின்றன! 1999-இல் சரணாலயமாகி, 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி இது.

தஞ்சையில் தங்கினால் பெரிய கோயிலையும் பார்க்கலாம். ஆனால் விடியுமுன் எழுந்து திருவையாறும் கொள்ளிடமும் கடந்து வரவேண்டும். பறவைகளுக்காகவே போகிறவர்களுக்கு, இரயில் நிலையமும் உள்ள அரியலூரே ஏற்றது என்போம். வெயில் ஏறுமுன் கரையில் நிற்கவேண்டுமே!

அறை எடுக்குமுன், ஏரியில் தண்ணீர் உண்டா என்று விசாரித்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழையும், புள்ளம்பாடி வாய்க்காலில் வரும் மேட்டூர் நீரும் பொய்த்துவிட்டால், சனவரியிலும் அங்கே ஆடுமாடுகளைத்தான் காணலாம்.